அடுக்கம் பாதையில் மௌன நேரம்

கொடைக்கானல்
12 ஜனவரி 2007

திருமதி சண்முகவள்ளி திருமலைச்சாமி அவர்களுக்கு,

வணக்கம். நான் எமரென்சியா அருளப்பன். கான்வென்டில் ஐம்பத்தேழாம் ஆண்டு பள்ளியிறுதி முடித்த வகுப்பின் தலைவி. நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

நம் வகுப்பு பள்ளியை விட்டு ஐம்பது ஆண்டு நிறைவதை வரும் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை பள்ளியில் கொண்டாட இருக்கிறார்கள். இந்த ஆண்டு படிப்பை முடித்துப் போகும் பிள்ளைகளும் கூட்டத்தில் உட்காருவார்கள். அவர்கள் முன் நம் பள்ளி நாட்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கும்படி தலைமைச் சகோதரி என்னைக் கேட்டிருக்கிறார். முகவரி கிடைத்த எல்லாருக்கும் எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவதும் அந்த முறையில்தான்.

உங்கள் நினைவுகளை ஒரு பக்கத்துக்குள், படிக்கக்கூடிய கையெழுத்தில், பிப்ரவரி முடிவதற்குள் அனுப்பவும். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய புகார்கள் வேண்டாம். அவை ஜெசிந்தாவிடமிருந்து போதுமான அளவு வந்துவிட்டன.

கடைசி நாள் நடையைப் பற்றி நான் எழுதியிருப்பது இது: "இறுதி வகுப்பு மாணவிகள் பேருந்தில் ஊர் திரும்புவதில்லை. விடியும் முன் புறப்பட்டு, அடுக்கம் வழியாகப் பெரியகுளம் பக்கம் போகும் பழைய பாதையில் நடந்தே மலையிறங்குவார்கள். இரவு ஜெபத்தோடு தொடங்கும் மௌனம் காலைச் சாப்பாட்டு ஜெபம் வரை நீடிக்க வேண்டும் என்பது விடுதி விதி. நடையிலும் அதே விதி. பாதி வழியில் ஒரு பாறைமேல் வகுப்பு கூடும். தலைவி ஜெபம் சொல்வாள். அதன்பிறகே பேசலாம். எங்கள் வகுப்பு கடும் மூடுபனியிலும் ஒழுங்கு குலையாமல் இறங்கியது."

இதில் பிழை இருந்தால் தெரிவிக்கவும்.

உங்கள் கணவரும் பிள்ளைகளும் நலமென்று நினைக்கிறேன். என் கணவர் தவறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் தொலைபேசி இருக்கிறது. ஆனால் அதில் பேசுவது எனக்கு ஒத்துவராது. கடிதமே எழுதவும்.

இப்படிக்கு,
எமரென்சியா அருளப்பன்


பழனி
4 பிப்ரவரி 2007

அடியே எமி,

"திருமதி"யாம், "அவர்களுக்கு"வாம். உறையைப் பிரித்ததும் வரி ஆபீசிலிருந்து ஏதோ வந்துவிட்டது என்று பயந்தே போனேன். தலைவியை நினைவிருக்கிறதா என்று கேட்கிறாய். நான் பின்னலை ஒழுங்காகப் போடவில்லை என்று மூன்று முறை அவிழ்த்துப் போட வைத்தவளை எப்படி மறப்பேன்?

உடனே பதில் எழுத முடியவில்லை. தைப்பூசம். காவடியும் பாதயாத்திரையுமாக அடிவாரத்தில் கால் வைக்க இடமில்லை. பஞ்சாமிர்தக் கடையில் கல்லாவில் உட்கார்ந்து கத்தியதில் என் குரல் கம்மிவிட்டது. கூட்டம் போய்விட்டது, குரல் இன்னும் வரவில்லை. "அம்மா, நீங்க இப்படி மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்லீங்க" என்கிறான் என் மகன் சந்தோஷ். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

சரி, உன் கட்டுரை. ஒழுங்கு குலையாமல் இறங்கினோமா? எமி, நீயும் நானும் காணாமல் போனோமே!

முன்னால் போன லாந்தர் பூசணிப்பூ மாதிரி மஞ்சளாக ஆடிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் பனி அதைத் தின்றுவிட்டது. பிறகு முன்னால் நடந்தவளின் முதுகையும் தின்றது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் எல்லாரும் இடப்பக்கம் போக, நாம் இருவரும் வலப்பக்கம் போனோம். ஜெசிந்தா இருமுவது இடப்பக்கம் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும். "ஏய், நாங்க இங்க இருக்கோம்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். வேறு எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தாலும் கொடுத்திருக்கும். நாம் கொடுக்கவில்லை. மௌன நேரம் அல்லவா! அவர்களும் நம்மைக் கூப்பிடவில்லை. ஒரு மலை நிறையப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் தேடினோம்.

எனக்கு இன்னும் அந்தக் காலை தூக்கத்தில் வருகிறது. சோலைக்குள் ஒரு காட்டுமாடு நின்றது. அதன் மூச்சு பனியைவிட வெள்ளையாக இருந்தது. நாம் மாதா சுரூபத்தைத் தாண்டிப் போகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு அதைத் தாண்டிப் போனோம். பிறகு சோலை முடிந்து காப்பித் தோட்டம். முந்தின வாரம் மழை பெய்திருந்ததால் செடியெல்லாம் பூத்துக் கிடந்தது. எது பூ, எது பனி என்று தெரியவில்லை. கையை நீட்டித் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். அந்தப் பூவின் மல்லிகை மாதிரி வாசனையில் மூச்சு முட்டியது. நம் கால்களே நமக்குத் தெரியவில்லை. மிதந்து போனோம் என்றுதான் நான் யாரிடமும் சொல்லுவேன்.

தோட்டத்துக் குடிசையில் ஒரு அம்மா நமக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கும் கருப்பட்டிக் காப்பியும் கொடுத்தாளே, அதையும் மறந்துவிட்டாயா? "ஏத்தா, எந்த ஊருப் பிள்ளைக நீங்க?" என்றாள். நாம் கையைக் காட்டினோம். "ரெண்டு பேருமே ஊமையா? ஒருத்தியாச்சும் வாயத் தொறங்களேன்." நாம் தலையை ஆட்டினோம். "அய்யோ பாவம், மூக்கும் முழியுமா இருக்குதுக, வாயத்தான் சாமி குடுக்கல" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதை எழுது. இல்லையென்றால் என் பெயரைக் கட்டுரையில் சேர்க்காதே.

உன்,
வள்ளி

சந்தோஷ் கையில் ஆயக்குடிக் கொய்யா அனுப்புகிறேன். கொடைக்கானலில் அவனுக்கு ஒரு சோலி இருக்கிறது.


கொடைக்கானல்
20 பிப்ரவரி 2007

சண்முகவள்ளிக்கு,

கொய்யா வந்தது. நன்றி. உன் மகன் பண்பானவன். உள்ளே கூப்பிட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

நீ எழுதியது ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டது. அதில் திருத்தங்கள் உண்டு. முதலாவது, அது காட்டுமாடு இல்லை. பாறை. பனியில் பாறைகள் அசைவது போலத் தெரியும். என் கணவர் வன இலாகாவில் முப்பது ஆண்டு இருந்தவர். நான் அவரிடமே கேட்டேன். காட்டுமாடு அவ்வளவு கிட்டத்தில் நின்றிருந்தால் நாம் இன்றைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம் என்றார்.

இரண்டாவது, நாம் மிதக்கவில்லை. உன் இடது செருப்பு அறுந்து நீ நொண்டிக்கொண்டு நடந்தாய். நான் என் ரிப்பனை அவிழ்த்துக் கட்டிவிட்டேன்.

பூவைப் பற்றி நீ சொல்வது சரி.

அந்தப் பகுதியை ஏன் விட்டுவிட்டேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். என்னைப் பொறுத்தவரை அந்தக் காலையை யாருக்கும் வாசித்துக் காட்ட முடியாது. நீயும் நானும் மதுரையில் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். விடுதியில் ஒரே அறை கேட்டு நம் பள்ளி மதர் கையாலேயே எழுதி வாங்கியிருந்தோம். அறைக்கு என்ன நிறத் திரை என்றுகூடப் பேசி முடித்திருந்தோம். அந்தக் காலை முழுவதும் நீ என் பக்கத்தில் நடந்தாய். ரிப்பன் கட்டும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அடுக்கத்துக்குப் போனதும் அங்கே காத்திருந்த உன் அப்பாவோடு போய்விட்டாய். அடுத்த மாதம் தபாலில் ஒரு மஞ்சள் தடவிய அழைப்பிதழ் வந்தது.

தபாலில், வள்ளி. உங்கள் ஊரில் நெருங்கியவர்களுக்கு அழைப்பைத் தட்டில் வைத்து நேரில் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கல்லூரியில் எனக்கு இரண்டு கட்டில் போட்ட அறை கொடுத்தார்கள். வேறு யாரையாவது போடட்டுமா என்று வார்டன் கேட்டார். வேண்டாம் என்றேன். முதல் பருவம் முழுக்க அந்தக் கட்டில் அப்படியே கிடந்தது.

எனவே கட்டுரையில் அந்தக் காலை இடம்பெறாது. உன் பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் உன் விருப்பம்.

எமரென்சியா


பழனி
3 மார்ச் 2007

எமி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டார். அவருக்குக் காது மந்தம். எனக்கோ இப்போது குரல் இல்லை. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அரை நாள் போய்விட்டது.

தபாலில் வந்தது அப்பா செய்த வேலை. மலை ஏறிப் போய் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தட்டு வைத்துக் கொடுப்பதா என்றார். நான் ஓரத்தில் பென்சிலால் "வா எமி" என்று எழுதினேன். மஞ்சளில் அழிந்துவிட்டதோ என்னவோ.

ஆனால் நீ கேட்பது அதை அல்ல. அந்தக் காலையில் நான் ஏன் சொல்லவில்லை என்பதைத்தான். ஐம்பது வருஷமாக நீ அதைக் கேட்காததும் நான் சொல்லாததும் இரண்டு பேருக்குமே அழகில்லை. இப்போது சொல்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் என் மாமா என்னைப் பார்க்கக் கான்வென்ட் பார்லருக்கு, அந்த விருந்தினர் அறைக்கு வந்தார். "மாப்பிள முடிவாயிருச்சுத்தா. பெரிய கடைக்காரவுக. வைகாசியில கல்யாணம். படிச்சது போதும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இரவு ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டது. பார்லரிலிருந்து நேராகக் கான்வென்ட் ஜெபக்கோவிலுக்கு வந்து உன் பக்கத்தில் முழங்கால் போட்டேன். ஜெபம் முடிந்தது, மௌனம் தொடங்கிவிட்டது.

நான் முருகன் ஊர்ப் பிள்ளை. உங்கள் மௌனத்தை மீறினால் எனக்கு எந்த நரகமும் கிடையாது. ஆனால் எட்டு வருஷம் அந்த விடுதியில் இருந்துவிட்டேன். கோவில் நடை சாத்தியபிறகு யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள் அல்லவா? அந்த மாதிரி என் வாய்க்கு நடை சாத்தியாகிவிட்டது. காலையில் பாறைக்குப் போனதும் நீ ஜெபம் சொல்லுவாய், சொல்லி முடித்ததும் முதல் வார்த்தையாக உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். ராத்திரி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணினேன்.

பாறை வரவேயில்லை. வழி தப்பிவிட்டோம். சரி, வழி தப்பினால் என்ன, தலைவி என் பக்கத்தில்தான் இருக்கிறாள், எங்கே வேண்டுமானாலும் நின்று ஜெபம் சொல்லலாம் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். நீ ரிப்பன் கட்டும்போது இப்போது சொல்லுவாள் என்று நினைத்தேன். நீ சொல்லவில்லை. குடிசையில் கிழங்கைக் கையில் வாங்கியதும் நீ கண்ணை மூடினாய். சிலுவை போட்டாய். உதடு அசைந்தது. எமி, அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தமே வரவில்லை. மனசுக்குள்ளேயே ஜெபத்தை முடித்துவிட்டுக் கிழங்கைச் சாப்பிட ஆரம்பித்தாய்.

ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை? எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அந்த அம்மா காட்டிய வழியில் அடுக்கம் போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் அழுதுகொண்டே ஓடிவந்து நம்மைக் கட்டிக்கொண்டார்கள். மதர் நன்றி ஜெபம் சொன்னார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதற்குள் அப்பா, "வெரசா வாத்தா, வெயிலுக்கு முந்திக் கீழ போகணும்" என்று பெட்டியைத் தூக்கிவிட்டார்.

அருளப்பன் அண்ணன் தவறிய செய்தியைப் பேப்பரில் பார்த்தேன். மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினேன். கொடைக்கானல் எட்டுகிற தூரத்தில், பெருமாள்மலை வரைக்கும் வந்துவிட்டேன். "இவ யாரு வந்திருக்கா" என்று நீ பார்ப்பாயே, அந்தப் பார்வையை நினைத்தேன். இறங்கி எதிர்ப் பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இன்னொன்று. குரல் கம்மியது பூசக் கூட்டத்தால் இல்லையாம். தொண்டையில் ஒரு கட்டி. பங்குனி உத்திரம் முடிந்ததும் மதுரையில் ஆபரேஷன். எடுத்தபிறகு குரல் திரும்புவது சந்தேகம்தான் என்று டாக்டர் சந்தோஷிடம் சொன்னதைத் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன். அதனால் ஏப்ரலில் உன் மேடைக்கு நான் வந்தாலும் பேச முடியாது. எழுதித்தான் தர முடியும். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் பொறுத்துக்கொள்.

வள்ளி


கொடைக்கானல்
7 மார்ச் 2007

வள்ளி,

உன் கடிதம் இன்று காலை வந்தது.

வகுப்பு முழுவதும் கூடாத இடத்தில் தலைவி வாய்விட்டு ஜெபம் சொல்லக்கூடாது. விதி அது. நான் விதியைத்தான் பார்த்தேன். உன்னிடம் சொல்வதற்கு ஏதோ இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை முதல் பேருந்தில் வருகிறேன். கட்டுரையை உன்னோடு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் வருகிறேன். பேருந்து நிலையத்துக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். எனக்கு வழி விசாரிக்கத் தெரியும்.

அழைப்பிதழில் பென்சில் எழுத்து அழியவில்லை. அப்போதே பார்த்தேன்.

எமி


பழனி
15 மார்ச் 2007

எமி,

நீ போய் இத்தனை நாள் ஆகியும் கடையில் உன் பேச்சுத்தான். பழனி வெயிலில் ஸ்வெட்டரும் கறுப்புக் குடையுமாக நீ வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு நம் கடைப் பொன்னுச்சாமி, "அக்கா, ஹெல்த் டிபார்ட்மென்ட் அம்மா வந்திருக்காங்க, பாத்திரத்தையெல்லாம் மூடிரட்டுங்களா?" என்று உள்ளே ஓடிவந்தானே, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் நீ அவன் மூடியிருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்தது கொஞ்சம் அதிகம்தான்.

கட்டுரையைச் சரிபார்க்க வந்தவள் பையிலிருந்து அதை வெளியே எடுக்கவேயில்லை. கவனித்தேன். நான் பேசினேன், நீ கேட்டாய். பிறகு நீ பேசினாய், நான் கேட்டேன். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். பஞ்சாமிர்தம் வாங்க வந்தவர்கள் சாமான் கேட்க வெட்கப்பட்டு நின்றார்கள். "ரெண்டு பேரும் சண்ட போடுறாங்களா, கொஞ்சுறாங்களா, ஒண்ணும் வெளங்கலீங்களே" என்று ஒருத்தர் பொன்னுச்சாமியிடம் கேட்டார். "எனக்கும் தெரியலீங்க. காலைல இருந்து யாவாரம் அப்படியே கெடக்கு" என்றான் அவன். என் வீட்டுக்காரர் ஒன்றும் காதில் விழாமலே நடுவில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ராத்திரி என்னிடம், "நல்ல பொம்பள. ரொம்ப அமைதி" என்றார்.

அருளப்பன் அண்ணனைப் பற்றி நீ சொன்னதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாய். பஸ் இருந்தது, எமி. எனக்கு அந்த நேரம் தெரியும்.

என் குரல் உனக்கு எப்படிக் கேட்டது? சொரசொரவென்று இருந்திருக்கும். அந்த நாள் முழுக்க அதைப் பேசித் தேய்த்துவிட்டேன். மிச்சம் வைக்கவில்லை. அதுவே எனக்குப் போதும்.

ஒரு வேண்டுகோள். மேடையில் என் பங்கை வாசித்தால் நான் எழுதிய மாதிரியே, என் பேச்சிலேயே வாசி. உன் தமிழில் மாற்றாதே. காட்டுமாட்டைப் பாறையாக்காதே.

வள்ளி


கொடைக்கானல்
28 மார்ச் 2007

வள்ளி,

உன் வேண்டுகோள் முறையானது இல்லை. தலைமைச் சகோதரி முன்னால், ஆயர் இல்லப் பிரதிநிதி முன்னால், "ஏத்தா", "வெரசா" என்றெல்லாம் வாசிக்க முடியாது. பள்ளியில் நாம் அப்படிப் பேசினால் மதர் என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு நல்ல தமிழின் முன்மாதிரி வேண்டும். எனவே கருத்து மாறாமல் நடையை மட்டும் செம்மைப்படுத்தி ஒரு படி எடுத்தேன்.

படித்துப் பார்த்தேன். அதில் நீ இல்லை. வேறு யாரோ ஒரு பெண் நன்றாகப் பள்ளியிறுதி முடித்துவிட்டு மலையிறங்கினாள்.

என்ன செய்வதென்று முடிவு செய்யவில்லை.

இன்று காலை நடந்து போய்ப் பழைய பாதை தொடங்கும் இடத்தில் சற்று நேரம் நின்றேன். பனி ஏறி வந்துகொண்டிருந்தது. கீழே யாரோ விறகு வெட்டும் சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை. அந்தப் பனிக்குள் ஒரு வகுப்பு முழுவதும் இன்னும் நடந்துகொண்டிருப்பதாக ஒரு நினைப்பு வந்தது. எல்லாருக்கும் பதினாறு வயது. ஒருத்தியும் வீடு போய்ச் சேரவில்லை, ஒருத்திக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஒருத்தியும் சாகவில்லை. வெள்ளைச் சீருடை வெள்ளைப் பனியில் தெரியாததால்தான் நமக்குக் காணக் கிடைக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் போல இருந்தது. எனக்கு இப்படியெல்லாம் நினைக்கிற பழக்கம் இல்லை. உன் கடிதங்களால் வந்தது.

ஆபரேஷன் நாளன்று காலையில் நான் கோவிலில் இருப்பேன். உன் மகன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லட்டும். எடுப்பேன்.

எமி


பழனி
20 ஏப்ரல் 2007

எமி,

சந்தோஷ் உன்னிடம் சொல்லியிருப்பான். கட்டி போய்விட்டது. கூடவே குரலும் போய்விட்டது. இனி வராது என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவரும் பாவம், பூசத்துக்கு நம் கடைக்கு வருகிறவர்.

அழுதேன். பிறகு நிறுத்திவிட்டேன். அழும்போது சத்தம் வராததால் யாரும் கவனிக்கவில்லை. யாரும் கவனிக்காத அழுகையில் ஒரு பிரயோசனமும் இல்லை. கடையில் யாரையாவது திட்ட வேண்டுமென்றால் கையைத் தட்டுகிறேன். எத்தனை தட்டுக்கு என்ன அர்த்தம் என்று பொன்னுச்சாமி கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறான்.

மலைக்குளிர் ஆகாது என்பதால் விழாவுக்கு வர அனுமதி இல்லை.

எல்லாவற்றையும் எழுதிக் காட்டுவது அலுப்பாக இருக்கிறது. எழுதி முடிப்பதற்குள் எதிரே இருப்பவருக்கு அவசரம் வந்துவிடுகிறது. உனக்கு எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

உன் இஷ்டப்படி வாசி. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வள்ளி


கொடைக்கானல்
29 ஏப்ரல் 2007

என் வள்ளிக்கு,

விழா நேற்று நடந்தது. முறைப்படி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வந்தவர்கள் நாங்கள் ஏழு பேர். ஜெசிந்தா சக்கர நாற்காலியில் வந்தாள், இன்னும் இருமுகிறாள். மேடைக்கு எதிரே இந்த ஆண்டு முடிக்கும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் எங்களைப் போலவே அன்று கடைசி நாள் என்பதை நம்பாத முகத்தோடு இருந்தார்கள். பாதிப் பேர் கைபேசியை மடியில் மறைத்து வைத்திருந்தார்கள். பார்த்தேன், விட்டுவிட்டேன்.

என் கையில் இரண்டு படிகள் இருந்தன. என்னுடையது மேலே, உன்னுடையது கீழே. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னுடையதில் முதல் பத்தியை வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் "ஒழுங்கு குலையாமல் இறங்கியது" என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். அந்த வாக்கியத்தை வாசிக்க முடியவில்லை. பொய் என்பதால். என் தாளை மடித்து வைத்தேன்.

"இந்த வகுப்பில் சண்முகவள்ளி என்று ஒருத்தி உண்டு. பழனிக்காரி. அவளால் இன்று இங்கே பேச முடியாது. அவள் எப்படிப் பேசுவாளோ அப்படியே நான் வாசிக்கிறேன்" என்று சொன்னேன்.

வாசித்தேன், வள்ளி. காட்டுமாட்டைக் காட்டுமாடாகவே வாசித்தேன். "ஏத்தா, எந்த ஊருப் பிள்ளைக நீங்க?" என்ற இடம் வந்தபோது என் குரல் எங்கேயோ போய் உன் குரல் வந்தது. அந்த இழுப்பு, அந்தக் கடைசியில் ஏறுகிற தொனி எல்லாம். எனக்கு அது வரும் என்று எனக்கே தெரியாது. "வாயத்தான் சாமி குடுக்கல" என்றதும் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜெசிந்தா நாற்காலியில் குலுங்கிக் குலுங்கி, "அவளேதான்டி, அவளேதான்!" என்று கத்தினாள். ஆயர் இல்லப் பிரதிநிதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தலைமைச் சகோதரி மறைக்கவே இல்லை.

பிறகு உன் இரண்டாவது கடிதத்தில் இருந்ததையும் வாசித்தேன். உன்னிடம் கேட்காமல் செய்தேன். ராத்திரி முழுக்கத் தயார் செய்த வாக்கியத்தை, என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நீ இருந்ததை. சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்ன சொல்லாமல் வைத்திருந்தாளோ, எனக்குத் தெரியாது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அந்த இருவரும் யூகலிப்டஸ் மரத்தடியில் நின்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு வரிசைக்குப் போகச் சொல்லியிருந்த நேரம் அது. நான் அவர்களைக் கலைக்கவில்லை.

நான் அன்றைக்கு உன்னிடம் பாதியில் நிறுத்தியது உண்மை. பஸ் இருந்ததும் உண்மை. என் கணவர் இறந்தபிறகு என்னிடம் எல்லாரும், "டீச்சரம்மா மாதிரி தைரியமா இருக்கீங்க" என்றார்கள். அந்தத் தைரியத்தை நான் நான்கு ஆண்டாக இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. அவரோடு வாழ்ந்தது, அவர் கடைசி மாதத்தில் என்னை யாரென்று தெரியாமல் "நீங்க யாருங்கம்மா?" என்று மரியாதையாகக் கேட்டது, நான் ஒவ்வொரு நாளும் புதிதாக என் பெயரைச் சொன்னது. எதையும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுகூட எழுதிய பிறகு இந்த வரிகளை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். அடிக்கவில்லை.

ஏழாம் தேதி திங்கட்கிழமை வருகிறேன். ஒரு வாரம் தங்குவேன். மாடியில் உன் அறையிலேயே இன்னொரு கட்டில் போடச் சொல். பேருந்து நிலையத்துக்கு யாரையாவது அனுப்பு. எழுதுபலகையும் பேனாவும் எடுத்து வைக்காதே. நீ எதுவும் எழுதிக் காட்ட வேண்டாம்.

நான் பேசப் போகிறேன். குறிப்பு எதுவும் எடுத்துக்கொண்டு வரமாட்டேன். முன்னுக்குப் பின் முரணாக இருக்கும், அழுகையும் வரும், உன் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து தலையாட்டட்டும். நிறுத்த வேண்டுமென்றால் கையைத் தட்டு. தட்டினாலும் நிறுத்துவேன் என்று சொல்ல முடியாது.

உன்,
எமி